படத்தின் பின்னால் எழுதிய பெயர்

மார்ச் 4

அம்மா அவர்களுக்கு,

எட்டு வருடங்களுக்கு முன் என் கடையில் நீங்கள் வாங்கிப்போன படத்தில் இருப்பவர் உங்கள் அப்பா இல்லை.

எப்படி ஆரம்பித்தாலும் இந்த வரிக்குத்தான் வந்து சேர வேண்டும் என்பதால் இதையே முதலில் வைத்துவிட்டேன். என்னை ஞாபகம் இருக்குமோ என்னவோ. போர்க்காலப் படங்கள் வாங்கி விற்கிறவன் நான். ராணுவ அதிகாரிகள் சீருடையில் நின்று எடுத்துக்கொண்ட பழைய படங்கள்தான் என் வியாபாரத்தில் முக்கால்வாசி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேஜை முழுக்க அதையே தேடினேன், நீங்கள் சிரித்தீர்கள். அந்த ஆள்.

போன நவம்பரில் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு பழைய ஸ்டூடியோவைக் காலி செய்தார்கள். மொத்தமாக நான்தான் எடுத்தேன். இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் கண்ணாடி நெகட்டிவ், ஒரு நாற்காலி, வரைந்த திரை, கூடவே ஒரு பதிவேடு. உங்கள் படம் அந்த ஸ்டூடியோவில் எடுத்தது. அட்டையின் வலது மூலையில் பொடி எழுத்தில் 3118 என்று இருக்கும், பாருங்கள். பதிவேட்டில் 3118க்கு நேராக வேறு ஒருவர் பெயர் இருக்கிறது. அதே படைப்பிரிவு, அவரும் லெப்டினன்ட்தான். ஆனால் உங்கள் அப்பா இல்லை.

அந்தப் படத்தை எனக்கு விற்றவர் சொன்ன பெயரை நான் நம்பிவிட்டேன். பின்னால் பென்சிலில் எழுதியும் இருந்தது. தவறு நடந்துவிட்டது. படத்தைத் திருப்பி அனுப்புங்கள், கொடுத்த பணம் முழுதும் வந்து சேரும். தபால் செலவும் என்னுடையது.

இப்படிக்கு,
படக்கடைக்காரர்


மார்ச் 11

கடைக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிக்கும்படி அதில் ஒன்றுமில்லை.

படத்தில் இருப்பவர் என் அப்பாதான். நீங்கள் ஒரு பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறீர்கள். நான் என் அம்மாவைப் பார்த்துச் சொல்கிறேன். நான் பிறந்த நாற்பதாம் நாள் அவர் போர்முனைக்குப் போனார். காணவில்லை என்று ஒரு தாள் வந்ததோடு சரி. அவர் முகம் எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா கட்டிலில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "எவ்வளவு குடுத்த?" என்று கேட்டாள். சொன்னேன். மறுபடியும் பார்த்தாள். "இவர்தான்" என்றாள். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் உங்களுக்கு?

முதலில் அவள் அறையில்தான் மாட்டினேன். ஒரு வாரத்தில், "எல்லாரும் பாக்கட்டும், கூடத்துல மாட்டு" என்றாள். மாட்டினேன். எட்டு வருடமாகக் காலையில் நான் முதலில் பார்க்கும் முகம் அது. என் மகன் அந்த மீசையைப் பார்த்துத்தான் மீசை வளர்த்தான். அவனுக்குப் பொருந்தவில்லை என்றாலும் தாத்தா மீசை என்று எடுக்க மாட்டேன் என்கிறான். அந்த நெற்றி, பிரம்பைப் பிடித்திருக்கிற அந்தத் தோரணை, எல்லாம் என் அப்பாவுடையவை.

பணம் வேண்டாம். படம் வராது. இனி எழுதவும் வேண்டாம். அம்மாவுக்குத் தொண்ணூற்றொன்று ஆகிறது. கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது, தபால்காரரிடம் அவளே போய்த்தான் வாங்குகிறாள். என்றைக்காவது உங்கள் கடிதத்தை அவள் பிரித்துப் படித்தால் அன்றோடு அவள் முடிந்துவிடுவாள். அந்தப் பாவம் உங்களுக்கு வேண்டாம்.


மார்ச் 19

அம்மா அவர்களுக்கு,

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன். கடை முத்திரை இல்லாத கவரில், உங்கள் பெயரை மட்டும் எழுதி அனுப்புகிறேன். உங்கள் தாயார் பார்த்தால் ஏதோ வங்கிக் கடிதம் என்று நினைத்துக்கொள்வார்.

போன கடிதத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். உங்கள் அப்பா பெயரும் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. எண் 3126. அதே வாரம்தான். படைப்பிரிவு கிளம்புவதற்கு முன் அதிகாரிகள் எல்லோரும் வரிசையாக வந்து அதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். அந்தப் பிரம்பு யாருடையதும் இல்லை அம்மா, ஸ்டூடியோவுடையது. வருகிறவர் எல்லோர் கையிலும் கொடுத்து நிற்க வைப்பார்கள். இப்போது என் கடை மூலையில் சாய்ந்து நிற்கிறது.

3126க்கு நேராக "இரண்டு பிரதி. மனைவி பெற்றுக்கொண்டார்" என்று எழுதி, ஒரு கையெழுத்து இருக்கிறது. அந்தப் பக்கத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். என் வார்த்தையை நம்ப வேண்டாம், நகலைப் பாருங்கள்.

அதன் கண்ணாடி நெகட்டிவும் பெட்டியில் கிடைத்தது. ஒரு மூலை உடைந்திருக்கிறது, முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் படம் போட்டு அனுப்புகிறேன். நீங்கள் சொல்லாமல் அனுப்ப மாட்டேன்.

என்னிடம் விற்றவர் செய்த தவறுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.


மார்ச் 26

கடைக்காரருக்கு,

என் வேலை என்னவென்று நீங்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. முப்பத்தொரு வருடம் ஒரு வங்கியில் காசோலைகளில் இருக்கும் கையெழுத்து சரிதானா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். பூதக்கண்ணாடி இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய நகலில் இருப்பது அம்மாவின் கையெழுத்து. அவளுடைய பென்ஷன் தாள்களோடு வைத்துப் பார்த்தேன். இருபத்தொரு வயதுக் கை, கொஞ்சம் வேகம் கூட. ஆனால் அவளுடையதுதான். ஆக, என் அம்மாவிடம் ஒரு காலத்தில் என் அப்பாவின் படம் இருந்திருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. "படமெல்லாம் அவர் எடுத்துக்கவே இல்ல" என்று எழுபது வருடமாகச் சொல்லிவருகிறாள்.

பூதக்கண்ணாடி கையில் இருக்கும்போதே கூடத்துக்குப் போய்ப் படத்தைக் கழற்றிப் பின்பக்கத்தையும் பார்த்தேன். அந்தப் பென்சில் எழுத்தை உங்கள் இரண்டு கடிதங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். பெயருக்கு அடியில் கோடு போட்டால் உங்கள் கோடு வலப்பக்கம் மேலே ஏறும். வரி முடியும் இடத்தில் அழுத்தம் கூடும், தாளைத் திருப்பித் தடவினால் விரலுக்குத் தெரியும். பென்சிலிலும் அதே கோடு, அதே அழுத்தம். அன்று நீங்கள் கொடுத்த ரசீது அச்சடித்தது. ஒப்பிட என்னிடம் எதுவும் இல்லை. இப்போது இரண்டு கடிதம் இருக்கிறது. நீங்களே உங்கள் கைப்பட எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பிவைத்தவை.

உங்களிடம் விற்றவர் என்று ஒருவர் கிடையாது. அந்தப் பெயரை எப்போது எழுதினீர்கள்? இது போல் எத்தனை படங்களில் எழுதியிருக்கிறீர்கள்? இரண்டுக்கும் பதில் வர வேண்டும்.

இன்னொரு கேள்வி உண்டு. அது அம்மாவிடம் கேட்க வேண்டியது. எப்படிக் கேட்பது என்று தெரியாமல், மூன்று நாளாக அவளுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். "என்னடி, நாக்கு மரத்துப்போச்சா?" என்கிறாள்.


ஏப்ரல் 2

அம்மா அவர்களுக்கு,

நான்தான் எழுதினேன். நீங்கள் முதல் தடவை கடைக்கு வந்துபோன அன்று சாயங்காலம், கடையைச் சாத்துவதற்கு முன்.

தள்ளுவண்டியில் பழைய பேப்பர் எடைக்கு வாங்கிப் பிழைத்தவன் நான். ஒரு நாள் ஒரு கட்டுக்குள் ஓர் அதிகாரியின் படம் இருந்தது. அட்டை நன்றாக இருக்கிறதே என்று தனியாக எடுத்து வைத்தேன். அதை வாங்க வந்தவர் கொடுத்த பணம், நான் ஒரு மாதம் வண்டி தள்ளினால் கிடைப்பது. அன்றைக்கு என் தொழில் மாறியது. படிப்பு கிடையாது. தொப்பியில் இருக்கும் சின்னத்தைப் பார்த்துப் படைப்பிரிவைச் சொல்லவும், தோளில் இருக்கும் நட்சத்திரத்தைப் பார்த்துப் பதவியைச் சொல்லவும் நானாகவே கற்றுக்கொண்டேன். கூடவே இன்னொன்றும் கற்றேன். பெயர் இல்லாவிட்டால் அது வெறும் முகம். பெயர் இருந்தால் அது ஓர் ஆள். விலை ஆளுக்குத்தான். காணாமல் போனவர் என்றால் இன்னும் கூட.

முதலில் பெயர் எழுதிய படத்தில் எனக்கு நிச்சயம் இருந்தது. இரண்டாவதில் பாதி நிச்சயம். அதற்குப் பிறகு நிச்சயம் வேண்டும் என்றே தோன்றவில்லை. காணாமல் போன அதிகாரிகளின் அச்சடித்த பட்டியல் ஒன்று என்னிடம் இருந்தது. படைப்பிரிவு ஒத்துப்போனால் போதும், கண் போகிற பெயரை எடுத்து எழுதுவேன்.

உங்கள் விஷயம் அதைவிட மோசம். மற்றப் படங்களில் பெயரை நான் எழுதி வைத்தேன், பிறகு யாரோ வந்து வாங்கினார்கள். நீங்களோ பெயரோடு வந்தீர்கள். நனைந்த குடையைக் கடைக்குள் கொண்டுவராமல் வெளியே வைத்துவிட்டு, அப்பாவின் பெயர், படைப்பிரிவு, புறப்பட்ட மாதம், எல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தீர்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். வியாழக்கிழமை வாருங்கள் என்றேன். நீங்கள் போனதும் அந்தப் படைப்பிரிவின் ஒன்பது படங்களை மேஜையில் பரப்பினேன். இருப்பதிலேயே லட்சணமானவரை எடுத்தேன். மகள் பார்த்தால் மனசு நிறைய வேண்டுமே என்றுகூட நினைத்தேன். நல்லது செய்கிற மாதிரியே இருந்தது. மெத்தென்ற பென்சில், கட்டை விரலால் ஒரு தேய்ப்பு, மேலே ஒரு சொட்டுத் தேநீர். பத்து நிமிஷம்.

வாங்கிப்போன அடுத்த வாரம் நீங்கள் ஒரு கடிதம் எழுதினீர்கள். "எங்கள் வீட்டுக்கு அப்பாவைக் கூட்டி வந்தீர்கள், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்" என்று. அது என் மேஜை டிராயரில் இருக்கிறது. நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். கடை இரண்டு மடங்காகிவிட்டது. டிராயரைத் திறக்கும்போது மட்டும் அந்தக் கடிதத்தின் மேல் ஏதாவது ஒரு தாளைப் போட்டு மூடிவிடுவேன்.

பதிவேடு கைக்கு வந்த பிறகு நாலு மாதம் சும்மா இருந்தேன். அந்த ஒரு பக்கத்தைக் கிழித்தால் முடிந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நாள் ஸ்கேலைக்கூட வைத்துவிட்டேன். அப்போது உங்கள் தாயாரின் கையெழுத்து கண்ணில் பட்டது. "அப்பா படமே எடுத்துக்கலியாம், அம்மா சொல்வாங்க" என்று நீங்கள் கடையில் நின்று சொன்னது காதில் விழுந்தது. இப்போது கிழித்தால் அந்த மனுஷனை இரண்டாம் தடவை காணாமல் அடிக்கிறேன் என்று பட்டது. ஸ்கேலை எடுத்துவிட்டேன். அப்படியும் பழியை இன்னொருவன் மேல் போட்டுத்தான் முதல் கடிதத்தை எழுதினேன். உங்கள் பூதக்கண்ணாடி இல்லாவிட்டால் அதிலேயே நின்றிருப்பேன்.

எத்தனை படம் என்று கேட்டீர்கள். உங்களுடையதையும் சேர்த்து இருபத்து மூன்று.

உங்கள் கூடத்தில் இருப்பவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 3118க்கு நேராக "வாங்க வரவில்லை" என்று எழுதியிருக்கிறது. அதனால்தான் அந்தப் படம் ஸ்டூடியோவிலேயே கிடந்து, என்றோ பழைய பேப்பரோடு வெளியே போய், கடைசியில் என் மாதிரி ஆள் கைக்கு வந்தது.

நீங்கள் சரி என்று சொல்லவில்லை. இருந்தும் 3126ஐப் படம் போட்டு, கவரை ஒட்டி இதற்குள் வைத்திருக்கிறேன். கொடுத்த வார்த்தையை மீறுகிறேன், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிப்பதும் பிரிக்காததும் உங்கள் இஷ்டம்.


ஏப்ரல் 20

ஐயா,

உங்கள் கவரை அலமாரியில், என் துணிகளுக்கு அடியில் பதினோரு நாள் வைத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் அம்மா வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கவரை எப்பத்தான் பிரிக்கப்போற?"

"எந்தக் கவர்?"

"உங்கிட்ட யாரு பொய் சொல்லக் கத்துக்குடுத்தா? நான்தானே? எனக்குத் தெரியாதா? எடு."

எடுத்தேன். அவளே பிரித்தாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், படத்தை அல்ல. அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "பாரு, பிரம்பைப் பிடிங்கன்னா குடையைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சிருக்காரு. அந்த ஸ்டூடியோக்காரன் எவ்வளவு சொன்னான் தெரியுமா?"

அப்புறம்தான் நான் பார்த்தேன். தொப்பி பெரிது, காது இரண்டும் வெளியே நிற்கிறது, மீசை இல்லை. சிரிக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அடக்க முடியாமல் நிற்கிறார். லட்சணமானவர் இல்லை. என் காதை நான் எழுபது வருடமாகக் கூந்தலால் மூடிவருகிறேன்.

"அப்ப கூடத்துல இருக்கறவர்?" என்றேன்.

"யாரோ."

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"புருஷனைத் தெரியாதா? முன்னப் பின்ன தெரியாத ஆம்பளை படத்தைக் கொண்டுவந்து என் அறையில மாட்டுற. ஒரு வாரம் துணி மாத்தக் கூச்சமா இருந்துது. அதான் கூடத்துக்குப் போகச் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அதன் பின்னாலேயே மற்றதும் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் படத்தைத் துணி மேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

எதிரிப் படை ஊருக்குள் வந்த வாரம் அது. வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். சீருடைப் படம் இருந்த வீடுகளில் இருந்தவர்களை வண்டியில் ஏற்றினார்கள். பக்கத்து வீட்டில் ஏற்றினார்கள். அம்மா இரண்டு படத்தையும் அடுப்பில் போட்டாள். நான் அவள் இடுப்பில் இருந்தேனாம். "முதல் படத்தைச் சட்டுனு போட்டுட்டேன். ரெண்டாவதை முகம் மேல இருக்கற மாதிரி போட்டுட்டேன். அது எரியறதைப் பாத்துக்கிட்டே நின்னேன்." சோதனைக்கு வந்தவர்கள் எங்கள் தெருவில் பாதி தூரம் வந்ததோடு திரும்பிப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

"வராதவனுக்குப் பயந்து எரிச்சேன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது? படமே எடுக்கலன்னேன். அப்புறம் நீ ரிட்டையர் ஆன பணத்துல யாரையோ தூக்கிட்டு வந்து மூச்சு வாங்க நிக்கற. இவர் இல்லன்னு சொன்னா நீ கேப்ப, வேற படம் இருந்துதான்னு கேப்ப. இவர்தான்னுட்டேன். எரிச்சதுக்கு இது தண்டனைன்னு வச்சுக்கிட்டேன்."

இதை எழுதக் கை வரவில்லை, இருந்தும் எழுதுகிறேன். எட்டு வருடம் அவளைத் தினமும் அந்தப் படத்துக்கு முன் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். "அப்பாவப் பாரும்மா" என்று சொல்வேன். பார்ப்பாள். நீங்கள் செய்தது பத்து நிமிஷ வேலை. நான் செய்தது எட்டு வருடம். அவள் முகத்தை ஒரு நாளாவது சரியாகப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். கையெழுத்தில் ஒரு வளைவு மாறினால் கண்டுபிடிக்கிறவள் நான்.

இப்போது விலைக்கு வருவோம். அப்பா படத்தை இனாமாக வாங்கிக்கொள்ள மாட்டேன். இனாமாகக் கொடுத்தால் உங்கள் டிராயர் இலேசாகிவிடும், அது வேண்டாம். பணமும் தர மாட்டேன். இன்னும் இருபத்திரண்டு வீடுகளில் யாரோ ஒருவர் கூடத்தில் தொங்குகிறார். அந்த இருபத்திரண்டு பேருக்கும் நீங்கள் எழுத வேண்டும். உங்கள் கைப்பட, எனக்கு எழுதிய முதல் கடிதம் போல் அல்ல, மூன்றாவது கடிதம் போல. மூன்று மாதம் தருகிறேன்.

கண்ணாடி நெகட்டிவ் எங்களுக்கு வர வேண்டும். கூடத்தில் இருப்பவரைத் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு அம்மா, "வாங்க ஆள் வராத மனுஷனை எங்க அனுப்புவ? எட்டு வருஷம் நம்ம வீட்டுல இருந்திருக்காரு. அவர் ஆளுங்க கிடைக்கற வரைக்கும் இருக்கட்டும்" என்றாள். அவர் ஆட்களைத் தேடுவது உங்கள் பொறுப்பு. அவருடைய சரியான பெயரை எழுதி அனுப்புங்கள். பின்னால் அதை நான் எழுதிக்கொள்கிறேன். நீங்கள் பென்சிலைத் தொட வேண்டாம்.

மகன் மீசையை எடுத்துவிட்டான். காது நன்றாகத் தெரிகிறது.


ஏப்ரல் 28

அம்மா அவர்களுக்கு,

இந்தத் தொழிலில் எந்த விலைக்கும் நான் முதல் பேச்சிலேயே தலையாட்டியதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டும் கை பேரத்துக்குத்தான் போனது. இருபத்திரண்டில் எட்டுப் பேருக்கு என்னிடம் விலாசம் இல்லை என்று எழுதினேன். இரண்டு பேர் இறந்துபோனார்கள், பிள்ளைகளுக்கு எழுதினால் போதுமா என்று எழுதினேன். ஒருவர் பெரிய சேகரிப்பாளர், பதினாறு படங்களை அடுக்கி வைத்திருக்கிறார், அதில் ஒன்று நான் பெயர் எழுதியது, வக்கீலை வைத்துக் கடையை மூட வைத்துவிடுவார், அவரை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று எழுதினேன். மூன்று மாதம் போதாது, ஆறு வேண்டும் என்றும் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். அதே பழைய கை. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

விலாசத்தைத் தேடுகிறேன். இறந்தவர்கள் வீட்டுக்கும் எழுதுகிறேன். சேகரிப்பாளருக்குத்தான் முதல் கடிதம். கடை போனால் போகட்டும், தள்ளுவண்டி தள்ளத் தெரிந்தவன்தானே.

கண்ணாடி நெகட்டிவை இரண்டு பலகைக்கு நடுவில், பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறேன். தபாலில் அனுப்பப் பயம், ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவருகிறேன். வாசலில் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். அந்த ஸ்டூடியோப் பிரம்பையும் எடுத்துவரட்டுமா என்று உங்கள் தாயாரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். கூடத்தில் இருப்பவரின் பெயரைத் தனிச் சீட்டில் அச்சடித்து வைத்திருக்கிறேன், என் கையெழுத்து இல்லை. அவர் வீட்டாரைத் தேடி இரண்டு பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தாயிற்று.

ஆக, பேசி முடித்தது இது. சரக்கு: 3126ஆம் எண் படம் ஒன்று, அதன் கண்ணாடி நெகட்டிவ், மூலை உடைந்தது. விலை: இருபத்திரண்டு கடிதங்கள், மூன்று மாதத்துக்குள், என் கைப்பட, ஒவ்வொன்றிலும் முதல் வரி "பின்னால் இருக்கும் பெயரை நான்தான் எழுதினேன்." முன்பணமாக ஒன்று இன்று தபாலில் போய்விட்டது. பாக்கி இருபத்தொன்று.